ஆறிய கடிகள்

1

போன மாதம் என் அண்ணன் சரவணனுக்கு மூன்றாவது கல்யாண நாள். திருச்சி கே.கே. நகர் வீட்டிலிருந்து அம்மா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டாள். மேசையில் கேக், கேக்குக்குப் பின்னால் அண்ணன், அவன் கை வளைப்புக்குள் அண்ணி ரேவதி. நான் அப்போது ஸ்வீடனில், ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவறை ஆய்வகத்தில், ரப்பர் கையுறையோடு ஒரு பக்கெட் அமிலத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்கெட்டுக்குள் சுண்ணாம்புக்கல் சீறிக்கொண்டிருந்தது.

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் நான் இதுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. "நிவேதா கல்லு உடைக்கவா அவ்வளவு தூரம் போயிருக்கா?" என்று அத்தை ஒருத்தி கேட்டாளாம். ஆமாம் அத்தை, கல்தான் உடைக்கிறேன். ஐம்பது கோடி வருடத்துக்கு முந்தைய கடல் தரை அது. சிலவற்றை அமிலத்தில் கரைக்கிறேன், சிலவற்றைச் சுத்தியலால் பிளந்து ஊசியால் சுரண்டுகிறேன். கிடைக்கிற ஓடுகளை அடுக்கு அடுக்காக எண்ணுகிறேன். எந்த அடுக்கில் எத்தனை வகை விலங்கு என்று வரைந்தால் கோடு மெல்ல ஏறும், பிறகு வெறி பிடித்த மாதிரி ஏறும், ஓரிடத்தில் தடாலென்று விழும்.

அந்தக் கடலை நீலமும் நிம்மதியுமாகக் கற்பனை செய்யாதீர்கள். அதற்கு முன்பு கடல் தரையில் இருந்தவை பெரும்பாலும் பாய் மாதிரி படுத்துக் கிடந்த மெத்தென்ற உயிர்கள். பிறகு எவனுக்கோ வாய் முளைத்தது. தப்பிப்பதற்காக இன்னொருவனுக்கு ஓடு முளைத்தது. வாய்க்குப் பல் வந்தது, ஓட்டுக்கு முள் வந்தது. ஓட்டைத் துளைத்து உள்ளே இருப்பதை உறிஞ்ச ஒருவன் கற்றுக்கொண்டான். ஊசிமுனை அளவுள்ள சிப்பியில் துல்லியமான வட்டத் துளை இருக்கும். விலங்குகள் அத்தனை விதமாகப் பெருகியதற்கு, அவை ஒன்றையொன்று தின்னத் தொடங்கியதும் ஒரு காரணம் என்று எங்கள் துறையில் பலர் நினைக்கிறோம். நானும் அந்தக் கட்சி. அதுவும் உற்சாகமாக.

எனக்குக் கொடுத்திருக்கும் பங்கு காயங்கள். ட்ரைலோபைட் என்று ஒரு பிராணி உண்டு. நண்டையும் கரப்பானையும் சேர்த்து ஒரே அச்சில் அழுத்திய மாதிரி இருக்கும். அதன் ஓட்டு விளிம்பில் கடி பட்டிருந்தால் இரண்டு விதமாகத் தெரியும். அங்கேயே செத்திருந்தால் உடைந்த ஓரம் கூராக இருக்கும். தப்பித்து வாழ்ந்திருந்தால் ஓரம் மழுங்கி, கொஞ்சம் தடித்திருக்கும். அதுதான் ஆறிய கடி. மூன்று வருடமாக அவற்றைத்தான் எண்ணுகிறேன்.

கையுறையைக் கழற்றிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினேன். அண்ணியின் இடது புருவத்தில் குறுக்கே ஒரு கோடு. கோட்டில் முடி இல்லை. ஓரம் தடித்திருந்தது.

2

ரேவதி எனக்கு முதலில் அண்ணி இல்லை. ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில், மூன்று வருடம் நிலவியல் படித்தவள். அவள் வீடு ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ் ஏறி, பாடலூரில் இறங்கி, கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு காரை கிராமத்துப் பொட்டலுக்குப் போவோம். அதுவும் பழைய கடல்தான். இங்கே நான் உடைக்கிற கடலோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தது. வெளுத்த களிமண் மேடுகளில் துப்பாக்கி ரவை மாதிரி கற்கள் கிடக்கும். நான் நாலு அடி நடப்பதற்குள் அவள் பத்துப் பொறுக்கியிருப்பாள்.

"நிவி, இங்க பாருடி, சுறாப் பல்லு. எவனோ எவனையோ கடிச்சப்ப உடைஞ்சிருக்கு."

"கடிச்சான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பின்ன, பல்லு குத்தவா வந்தான்?"

அண்ணனுக்குப் பெண் பார்த்தபோது அவள் பெயரைச் சொன்னதே நான்தான். தோழி வீட்டுக்கே வந்துவிடுவாள் என்று எனக்கு ஒரே குதியாட்டம். "ஆளு எப்படிடி?" என்று அவள் கேட்டாள். "கொஞ்சம் கோபம் வரும், மனசு தங்கம்" என்றேன். நான் பத்தாவது படிக்கும்போது அவன் போனைத் தொட்டதற்காக கிரிக்கெட் ஸ்டம்பால் என் முதுகில் விளாசியதைச் சொல்லவில்லை. மைதானத்தில் ஒரு பையனின் முன்பல்லை உடைத்ததையும் சொல்லவில்லை. அன்று அம்மா என் முதுகில் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு, "அண்ணன்தானே, வெளிய சொல்லாத" என்றாள். நான் அம்மா பேச்சைக் கேட்கிற பெண். வெளியே சொல்லவில்லை.

கல்யாணத்தன்று மண்டபத்திலேயே அம்மா என்னை ஓரங்கட்டினாள். "இனிமே வாடி போடின்னு பேசின, வாயில சூடு வச்சிடுவேன். அண்ணின்னு கூப்பிடு. வாங்க போங்கன்னு பேசு." ரேவதி மாலையோடு நின்று சிரித்தாள். "சொல்லுங்க நாத்தனாரே, என்ன சாப்பிடுறீங்க?" நாங்கள் இருவரும் அதை ஒரு விளையாட்டாகத்தான் தொடங்கினோம்.

தோழி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நாத்தனார் கேட்பதற்கென்று நாலே கேள்விதான் இருக்கிறது. நல்லா இருக்கீங்களா அண்ணி? சாப்பிட்டீங்களா அண்ணி? வெயில் எப்படி அண்ணி? அண்ணன் எப்படி இருக்கான் அண்ணி? நாலுக்கும் நல்ல பதில் வரும். மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த நாலு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனை வைத்திருக்கிறேன்.

3

புருவத்தைப் பார்த்த அன்று மதியம் சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடும்பக் குழுவின் படங்களை எல்லாம் கணினியில் இறக்கினேன். நூற்றுக்கு மேல் இருந்தன. தேதிவாரியாக அடுக்கினேன். ட்ரைலோபைட்டுக்கு வைத்திருக்கிற அதே அட்டவணைதான்: இடம், பக்கம், நீளம், ஆறியதா ஆறாததா. கை தானாக அடித்துக்கொண்டு போனது.

முதல் பொங்கலுக்குச் சுத்தம். காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் ஆடிப்பெருக்கு அன்று எடுத்த படத்தில் இடது முழங்கைக்கு மேல் நாலு நீலப் புள்ளி, கீழே ஒன்று. நாலு விரலும் ஒரு கட்டைவிரலும். தீபாவளிக்கு இடது காதோரம் வீக்கம். அடுத்த வருடம் சுண்டுவிரல் கோணலாகச் சேர்ந்திருந்தது. பிறகு புருவம், அதுவும் ஒரு வருடத்துக்கு முந்தைய படத்திலேயே. மொத்தம் ஏழு. ஏழில் ஆறு இடப்பக்கம். வலது கைக்காரன் எதிரே நின்றால் அப்படித்தான் விழும்.

என்னை நானே வெறுக்கும் பகுதி அடுத்துத்தான் வருகிறது. கடைசி எட்டு மாதத்தில் புதிய காயம் எதுவும் இல்லை என்று கண்டதும் எனக்கு நிம்மதிப் பெருமூச்சு வந்தது. அம்மாவுக்குப் போன் செய்து சுற்றி வளைத்துக் கேட்டேன். "இப்பல்லாம் ரெண்டு பேரும் அமைதியா இருக்காங்கடி. சத்தமே இல்ல" என்றாள். அட்டவணையும் அம்மாவும் ஒரே பதிலைச் சொன்னார்கள். மூடி வைத்துவிட்டேன்.

4

சனிக்கிழமைகளில் இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களுக்குள் ஸ்வீடிஷ்தான் பேசுவார்கள். என்னிடம் மட்டும் தமிழ், அதுவும் ஏதோ மருந்து குடிக்கிற முகத்தோடு. அந்த வாரம் ஒரு பையன் நோட்டைக் கிழித்துவிட்டான். அவன் அப்பா பழக்கதோஷத்தில் கையை ஓங்கினார். பையன் நகரவே இல்லை. "அடிங்க. ஸ்கூல்ல சொல்லிடுவேன்" என்றான்.

பெற்றோர் எல்லாரும் சிரித்தார்கள். இங்கே பிள்ளையைத் தொட்டால் குற்றம். ஓங்கிய கையால் அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "பாத்தீங்களா நிவேதா, இவனுங்களை என்ன பண்றது? நாமெல்லாம் அடி வாங்காமலா வளர்ந்தோம்? நல்லாத்தானே இருக்கோம்!"

நானும் சேர்ந்து சிரித்தேன். "ஆமாங்க, நல்லாத்தான் இருக்கோம்."

5

அதற்கு அடுத்த வியாழக்கிழமை, என் கட்டுரையின் வரைவை இங்க்ரிட்டிடம் கொடுத்தேன். அவள் எனக்கு எதிர் மேசை, என் வயதுதான். பேசினால் சுத்தியல் மாதிரி இருக்கும். விலங்கு வகைகள் சரிந்து விழுகிற அந்த அடுக்கைப் பற்றி நான் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: இங்கே ஆறிய கடிகள் அறவே இல்லை, ஆகவே வேட்டை ஓய்ந்துவிட்டது.

"இந்த அடுக்கில் மொத்தம் எத்தனை ஓடு?" என்று கேட்டாள்.

"பதினொன்று."

"அதற்குக் கீழ் அடுக்கில்?"

"நானூறு சொச்சம்."

பேனாவை மேசையில் போட்டாள். "பதினொரு ஓட்டை வைத்துக்கொண்டு எப்படி அமைதி என்று எழுதுகிறாய்? தழும்பு என்றால் என்ன? கடிபட்டும் சாகவில்லை என்று அர்த்தம். செத்ததற்குத் தழும்பு கிடையாது, நிவேதா. தழும்பு நின்றுபோனால் கடிக்கிறவன் போயிருக்கலாம். அல்லது யாருமே பிழைக்காமல் போயிருக்கலாம்."

முதலாண்டு மாணவனுக்கே தெரிய வேண்டிய விஷயம். தலையை ஆட்டிக்கொண்டே வரைவைக் கையில் வாங்கினேன். வாங்கியதை அப்படியே மேசையில் போட்டேன்.

குடும்பக் குழுவின் படங்களைத் திரும்பத் திறந்தேன். காயங்களை எண்ணியிருந்தேனே தவிர, ரேவதியை எண்ணவில்லை. கடைசி எட்டு மாதத்தில் குழுவுக்கு வந்த படங்கள் முப்பத்தொன்று. அம்மா, அண்ணன், அண்ணனின் புது பைக், பக்கத்து வீட்டு நாய்க்குட்டி. ரேவதி இருந்தது ஒன்றே ஒன்றில், அந்தக் கேக் படத்தில். திருச்சி வெயிலில் மணிக்கட்டு வரை கையுள்ள ஜாக்கெட்டோடு.

6

உடனே பறந்து போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஸ்வீடனில் நான் தங்குவதற்கான அனுமதி புதுப்பிப்பில் இருக்கிறது. முடிவு வராமல் நாட்டை விட்டுப் போனால், திரும்பி நுழைய தனி விசா வேண்டும். அதற்கொரு படிவம். குடும்ப அவசரம் என்ற கட்டத்தைத் தட்டினேன். யாருக்கு என்று கேட்டது. கணவர், மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர். அண்ணன் மனைவிக்கு அதில் இடமில்லை. உடன்பிறந்தோரைத் தட்டினால் அது சரவணன் ஆகிவிடும். 'மற்றவை' என்று போட்டேன். அவசரத்துக்கான சான்றை இணைக்கவும் என்றது. எதை இணைப்பது? ஒரு ஜாக்கெட்டின் கையையா?

தொலைபேசியில் அந்த அலுவலகப் பெண் பொறுமையாகத்தான் பேசினாள். "அவர் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாள். "தோழி" என்றேன். "தோழி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு" என்றாள். அந்த வார்த்தையை நான் சொல்லி மூன்று வருடம் ஆகியிருந்தது.

7

வெள்ளிக்கிழமை காலை. திருச்சியில் மதியம் பன்னிரண்டு இருக்கும், அண்ணன் வேலைக்குப் போயிருப்பான். ரேவதியின் எண் அணைந்திருந்தது. அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன்.

"அம்மா, மாடிக்குப் போய் போனை அவகிட்ட குடு."

"அவ தூங்குறாடி. அப்புறம் பேசு."

"இப்ப போ."

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். படிகள் ஆடி ஆடி வந்தன. மாடி நடையில் ஒரு கிரில் கதவு. வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. கம்பிக்கு அந்தப் பக்கம் ரேவதி தரையில் உட்கார்ந்திருந்தாள். எலும்பும் தோலுமாக. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"ஏண்டி, அவன் உன்னை அடிக்கிறானா?"

டி என்று கேட்டதும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா, "நிவி, என்ன பேச்சு இது, அண்ணியப் போயி" என்றாள். யாரும் அவளைப் பொருட்படுத்தவில்லை.

"படத்துல எல்லாம் எண்ணிப் பாத்தேன்டி. ஏழு" என்றேன்.

"ஏழா?" ரேவதிக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. "காலேஜ்லயும் நீ கண்ணை மூடிக்கிட்டுத்தான் பொறுக்குவ. பதினெட்டுடி." பிறகு சிரிப்பு நின்றது. "அதுல ஒண்ணு நான் இல்ல. நாலு மாசம் ஆயிருந்துச்சு. வயித்துல உதைச்சான்."

எனக்கு அவள் கர்ப்பமாக இருந்ததே தெரியாது. அம்மா பக்கம் திரும்பினேன். திரும்ப முடியாது, போனில் அவள் கட்டைவிரல்தான் தெரிந்தது.

"அவ பாத்ரூம்ல வழுக்கிட்டான்னுதான்டி உங்க அண்ணன் சொன்னான்" என்றாள் அம்மா.

"நீ கீழதானேம்மா இருந்த? சத்தம் கேக்கலயா?"

கட்டைவிரல் திரையை மறைத்தது. பிறகு, "டிவியை சத்தமா வச்சுக்கிட்டேன்" என்றாள்.

நான் கத்தினேன். ஆய்வகத்தில் இருக்கிறோம் என்பது மறந்துபோய், தமிழில், நாக்கில் வந்ததை எல்லாம் கத்தினேன். கையில் இருந்த ஊசி மேசையில் ஆழமாகக் குத்தி நின்றது. இங்க்ரிட் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு என் பின்னால் வந்து நின்றாள்.

"பூட்டுக்கு இன்னொரு சாவி உன்கிட்ட இருக்கும்ல?"

"எந்தச் சாவி?"

"அம்மா!"

"இருக்கு. நெருப்பு கிருப்பு பிடிச்சா வேணும்னு..." அவள் கை பூட்டைத் தொட்டு விலகியது. "தெறந்துவிட்டா அவன் என்னை உயிரோட வைப்பானா நிவி? நான் எங்கடி போவேன்?"

"தெறக்கலன்னா அவ?"

கம்பிக்குப் பின்னாலிருந்து ரேவதி பேசினாள். கெஞ்சவில்லை. "அத்தை, ஆறரைக்கு வந்துடுவார். இன்னிக்குக் காலையில போகும்போதே, சாயங்காலம் வந்து பேசிக்கிறேன்னு பெல்ட்டை எடுத்து டேபிள்ல வச்சுட்டுப் போயிருக்கார். இனிமே எனக்கு ஆறாது அத்தை. உடம்புல தெம்பு இல்ல."

போன் தரையில் வைக்கப்பட்டது. எனக்கு மாடிக் கூரையும் ஒரு ட்யூப்லைட்டும்தான் தெரிந்தன. அம்மாவின் காலடி இறங்கிப் போனது. போயே விட்டாள் என்று நினைத்தேன். டிவி சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். எத்தனை நிமிடம் என்று தெரியவில்லை. காலடி ஏறி வந்தது. சாவி நாலைந்து தடவை பூட்டில் தடுமாறியது.

"எழுந்திரு" என்றாள் அம்மா. "செருப்பு போடு. எனக்கும் ஒரு புடவை எடுத்துக்கோ. நானும்தான் வரேன்."

8

ஆட்டோவில் நேராக அரசு மருத்துவமனை, அங்கிருந்து மகளிர் காவல் நிலையம், அப்புறம் ஸ்ரீரங்கம். மருத்துவமனையில் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது ரேவதிக்கு முன்னால் அம்மாவே பதில் சொன்னாளாம். "என் பையன் அடிச்சது." நான் என் அட்டவணையைப் படங்களோடு அனுப்பினேன். ரேவதி அதில் விட்டுப்போனவற்றைச் சேர்த்து, இரண்டு தேதிகளைத் திருத்தினாள்.

அவள் அப்பா இதற்கு முன் இரண்டு முறை அவளைச் சமாதானம் செய்து திருப்பி அனுப்பியவர். இந்த முறை மகளின் கையைப் பார்த்துவிட்டுக் கூடத்து மின்விசிறியை வேகமாக வைத்தாராம்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு சரவணன் அங்கே வந்தான். அப்போது நான் வீடியோவில் இருந்தேன், அம்மா போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பைக்கைச் சந்தின் நடுவில் போட்டுவிட்டுக் கேட்டை உதைத்தான். "வெளிய வாடி! எங்கம்மாவையும் கெடுத்து வச்சிருக்கியா?" எதிர் வீட்டுக் கதவுகள் திறந்தன. பூக்காரி கூடையை இறக்கிவைத்தாள். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். போலீசுக்குப் போன் போடுங்கள் என்று யாரோ சொல்வது கேட்டது. ரேவதியின் அப்பா தடுக்கத் தடுக்க அவள் கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள்.

அரைக்கை ஜாக்கெட் போட்டிருந்தாள்.

"வந்துட்டேன்" என்றாள். இடது கையை நீட்டினாள். "ஆடிப்பெருக்கு அன்னிக்கு. சாம்பார்ல உப்பு." சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினாள். "கதவிடுக்குல வச்சு நசுக்கினது. எங்க அப்பாவுக்குப் போன் பண்ணினேன்னு." புருவத்தைத் தொட்டாள். "குக்கர் மூடி." சேலையை விலக்கித் தோளைக் காட்டினாள். "இது பெல்ட்டு பக்கிள். இதுவும். இதுவும்." காரைப் பொட்டலில் ஒவ்வொரு கல்லாக எடுத்து எனக்கு விளக்குவாளே, அதே குரல். அவசரமே இல்லை. பதினேழு வரைக்கும் தேதி சொன்னாள்.

"ஏய், வாயை மூடு" என்றான் சரவணன். அதில் பாதிக் குரல்தான் வெளியே வந்தது. கை உயர்ந்தது, நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அசையவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள். "அதைக் காட்ட முடியாது. அதுக்குத் தழும்பு இல்ல."

 பூக்காரி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சரவணன் சுற்றிலும் பார்த்தான். ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. பைக்கில் ஏறி உதைத்தான், கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான். யாரும் உதவிக்குப் போகவில்லை. கடைசியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனான். அந்தச் சந்து நீளமானது. முனை திரும்பும் வரை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

ரேவதி திரும்பி வந்து அம்மா கையிலிருந்த போனை வாங்கினாள். 

"பாத்தியாடி?" என்றாள்.

"பாத்தேன்டி."

"எல்லாத்தையும் எழுதி வை" என்றாள். எழுதிவிட்டேன்.